மண்டிக்கு எத்தனை கம்பிகள்?



கடத்தூரில் புளி மண்டி நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலைப் பொழுதில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். கையில் இரண்டு விலைப்பட்டியல்கள். மண்டிக்குப் புதிய தொலைபேசி அமைப்பு வேண்டுமாம். விலை குறைந்தது இரண்டு கம்பிகளையும், விலை கூடியது நான்கு கம்பிகளையும் தாங்கும். "எதை வாங்கலாம், ஐயா?" என்றார். சரித்திர வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்க்கையில், நம் தேசமே ஒருமுறை இக்கேள்விக்குத் தவறாக விடையளித்தது என் நினைவுக்கு வந்தது.

தொலைபேசிக்கு கிரகாம் பெல் உரிமை பெற்றது 1876-ஆம் ஆண்டில். ஆறே ஆண்டுகளில், 1882 ஜனவரி 28-ஆம் நாள், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பட்டணங்களிலும் தொலைபேசி நிலையங்கள் முறைப்படி திறக்கப்பெற்றன. கல்கத்தா நிலையத்தில் சந்தாதாரர் 93 பேரே. யாருக்கு யார் வேண்டும் என்று கேட்டு, கம்பியைக் கையால் செருகி இணைப்பவரே அன்று அந்நிலையத்தின் உயிர்.

அவ்வுயிரை நீக்கிவிட்டு இயந்திரத்தை வைத்தவர், பிணங்களை அடக்கம் செய்யும் தொழிலையுடைய ஸ்ட்ரோஜர் என்னும் அமெரிக்கர். போட்டியாளரின் உறவினரான ஆபரேட்டர் தம் வாடிக்கைகளைத் திருப்பிவிடுகிறார் என்று அவர் ஐயுற்றதாக ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, 1891-இல் அவர் பெற்ற உரிமை மெய். அவருடைய கருவியில் ஒரு கை, சுழற்றிய எண்ணுக்கேற்பப் பத்துப் படிகளில் ஏறி, ஒவ்வொரு படியிலும் பத்து முனைகளில் ஒன்றைத் தொடும். வியாபாரப் பொறாமையிலிருந்து எவ்வளவு அழகான யந்திரம் பிறந்திருக்கிறது, பாருங்கள்! நம் நாட்டின் முதல் தானியங்கி நிலையம் சிம்லாவில் 1913-14-இல் 700 இணைப்புகளோடு அமைந்தது. சுதந்திரத்திற்குப் பின் பெங்களூரில் 1948-இல் தோன்றிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும் ஸ்ட்ரோஜர் முறைக் கருவிகளையே செய்தது.

கடத்தூரை ஒத்த ஊர்களுக்கு இவையெல்லாம் வெகு தொலைவு. நான் மாணவனாயிருந்த 1970-களில், வெளியூருடன் பேச டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவசர அழைப்பென்றால் இரட்டைக் கட்டணம். என் மாணவரின் தந்தையார் ஒருநாள் சேலத்து விலை அறியக் காலையில் பதிந்தார். மாலை வரை மணி அடிக்கவில்லை. வண்டிக்காரர் நிற்கமாட்டேன் என்றார். வந்த விலைக்குச் சரக்கைத் தள்ளிவிட்டார். அன்று கைவிட்டுப் போனது மகளின் கலியாணத்துக்கென்று எண்ணியிருந்த பணம் என்று பல்லாண்டு கழித்து என்னிடம் சொன்னார். அப்போதும் அவர் குரல் தாழ்ந்தது.

இனி அந்தத் தவறுக்கு வருகிறேன். ஸ்ட்ரோஜர் முறை பழையதாகிவிட்டதென்று, 1960-களில் பென்டகாண்டா எனப்படும் கிராஸ்பார் முறையை ஐரோப்பாவிலிருந்து நம்மவர் தேர்ந்தெடுத்தனர். நல்ல கருவிதான், குறை கருவியில் இல்லை. அதை வடிவமைத்த நாடுகளில் ஒரு தொலைபேசியில் ஒரு குடும்பம் அளவாகப் பேசும். இங்கோ தொலைபேசிகள் அரிது. ஒன்றில் தெருவே பேசும். கிராஸ்பாரில் பல அழைப்புகளுக்கும் பொதுவான கட்டுப்பாட்டுக் கருவிகள் சிலவே உண்டு. அவை திணறின. இணைப்புக் கிடைக்காதவர் மீண்டும் மீண்டும் எண்ணைச் சுழற்ற, நெரிசல் இன்னும் மிகுந்தது.

இவ்வகைக் கணக்கை எர்லாங் என்ற டென்மார்க்குக் கணித அறிஞர் 1909 முதலே எழுதி வெளியிட்டு வந்தார். அவர் கேட்டதன் சாரம் இதுதான்: மிகுந்த நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் பேசுகிறார்கள்?

1984-இல் தொடங்கப்பெற்ற சி-டாட் என்னும் ஆய்வு நிலையத்தார் இக்கேள்வியை நம் நாட்டை வைத்தே கேட்டனர். புழுதியும் வெயிலும் உள்ள சிற்றூரில், குளிர்சாதனம் இன்றி வேலை செய்யும் 128 இணைப்புகள் கொண்ட நிலையம் ஒன்றை வடித்தனர். 1986 ஜூலையில் கர்நாடகத்துக் கித்தூரில் அது முதன்முதலாக இயங்கியது. இத்தகைய சிறு நிலையங்கள் பின்னர் நாடெங்கும் பரவின.

என் மாணவரிடம் நான் விலைப்பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, ஒரு வாரம் அழைப்புகளைக் குறித்து வரச் சொன்னேன். மண்டிச் சீட்டுகளின் பின்புறத்தில் குறித்து வந்தார். காலையில் நெருக்கடியான மணியில் சுமார் 40 அழைப்புகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று நிமிடம்; ஆக 120 நிமிடப் பேச்சு. "இரண்டு கம்பிகளுக்கும் சரியாகப் போயிற்றே, ஐயா!" என்று மகிழ்ந்தார். அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை, அப்பா, என்றேன். எர்லாங்கின் வாய்பாட்டைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு கம்பிகளானால் அழைப்பவர் பத்துப் பேரில் நால்வருக்கு வழி கிடையாது. நான்கானால் ஏறத்தாழ ஒருவருக்குத்தான்.

அவர் சிறிது நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நால்வரில் ஒருவராக என் தந்தையார் இருந்திருப்பார்" என்று சொல்லிவிட்டு, விலை கூடிய பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.