பழைய குடும்பப் படத்தின் ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

அம்மாயியின் தகரப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. ஹட்டன் ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. பதினொரு பேர். "அம்பதாம் வருசம் எடுத்தது" என்றே வீட்டில் சொல்லிவந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். ரப்பர் முத்திரையில் ஆங்கிலத்தில் 'ஹட்டன், ஸ்ரீலங்கா' என்றிருந்தது. 'சிலோன்' என்ற பெயர் மாறியது 1972 மே 22இல். ஆகவே இந்தப் பிரதி அதற்குப் பிந்தியது.

பழைய படத்தைப் பிறகு பிரதி போட்டிருக்கலாம் அல்லவா? மடியில் இருக்கும் கைக்குழந்தை என் கடைசி மாமா. பிறப்புச் சான்றிதழில் 1973. பின்வரிசையில் நிற்கும் அம்மாயியின் அண்ணன் குடும்பம் இந்தியா போய்விட்டது. கோத்தகிரியிலிருந்து அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடவுச்சீட்டில் 1974 என்று முத்திரை. இரண்டுக்கும் இடையில் எடுத்த படம் இது. எல்லோரும் சேர்ந்து நின்ற கடைசிப் படம்.

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிச்சம் 1,50,000 பேரின் கதி 1974இல் தீர்மானமானது. தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சி என்று போனவர்களும் உண்டு. ஒரே படத்தின் பிரதிகள் இப்படி மூன்று திசைக்குப் பிரிந்தன.

உங்கள் வீட்டுப் படத்தில் எதைப் பார்ப்பது?

முத்திரை: 'ஸ்ரீலங்கா' என்றிருந்தால் பிரதி 1972க்குப் பிந்தியது. 'சிலோன்' என்றிருந்தால் அவசரப்பட வேண்டாம். பழைய முத்திரையைப் பிறகும் குத்தியிருப்பார்கள்.

தாள்: பிளாஸ்டிக் பூச்சுள்ள வழுவழுப்பான தாள் 1970களில்தான் பரவலானது. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் பிடியுங்கள். தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் 1950களுக்கு முந்தியதல்ல. பளிச்சிடாவிட்டால் எதுவும் உறுதியில்லை.

உடுப்பு: கோட்டையும் கைக்கடிகாரத்தையும் நம்பாதீர்கள். ஸ்டூடியோவில் இரவல் கொடுப்பார்கள்.

குழந்தைகள்: இதுதான் மிக உறுதியான தடயம். ஆகச் சிறிய பிள்ளையின் வயதைக் கணித்து, பிறப்புச் சான்றிதழோடும் பாடசாலை அனுமதிப் பதிவோடும் ஒப்பிடுங்கள். படத்தில் இல்லாதவர்களையும் கேளுங்கள். இறந்துவிட்டாரா, இன்னும் பிறக்கவில்லையா?

அட்டையில் ஒட்டிய படத்தை உரிக்காதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்துக்கொண்டால் போதும். பெயர்களை வரிசைப்படி தனித்தாளில் எழுதி, சொன்னவர் யார் என்பதையும் குறித்துப் படத்தோடு வையுங்கள்.

கிளிநொச்சியில் இருக்கும் பெரியம்மா 2009இல் ஒரு பையோடு வெளியே வந்தவர். தன் அப்பாவின் படம் ஒன்றுகூட அவரிடம் மிஞ்சவில்லை. எங்கள் படத்தில் இடது ஓரத்தில் நிற்பவர்தான் அந்த அப்பா. பிரதியை அனுப்பியபோது பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுல அப்பாவுக்கு என்ன வயசு?" ஆண்டு தெரிந்திருந்ததால் பதில் சொல்ல முடிந்தது.

உங்கள் பெட்டியில் இருப்பதும் வேறொரு வீட்டில் தொலைந்த படமாக இருக்கலாம். முகங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே திறந்து பாருங்கள்.