சுவாலோஃபீல்ட் மாளிகையும் அதன் உரிமையாளர்களும்: ஒரு மறுவாசிப்பு

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளின் வரலாறு பெரும்பாலும் குடிவழி வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. திருமணம், வாரிசுரிமை, விற்பனை ஆகியவற்றால் உரிமை கைமாறிய முறையை அது விளக்கும். மாளிகையை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்னும் வினா அதில் பின்தங்கிவிடுகிறது. பெர்க்‌ஷயரில் உள்ள சுவாலோஃபீல்ட் மாளிகை இவ்வினாவை எழுப்புவதற்குத் தக்க சான்றாகும்.

பேக்ஹவுஸ் குடும்பத்தின் வாரிசான ஃபிளவரை மணந்ததன்வழி இம்மாளிகை இரண்டாம் கிளாரண்டன் பிரபுவான ஹென்றி ஹைடுக்கு உரியதாயிற்று. அவர் 1689-91 ஆண்டுகளில் கட்டடக் கலைஞர் வில்லியம் டால்மனைக் கொண்டு அதனைப் புதிதாகக் கட்டுவித்தார். இதுகாறும் நிகழ்ந்த உரிமை மாற்றத்தைக் குடிவழி கொண்டே விளக்கிவிடலாம்.

1719இல் மாளிகையை வாங்கிய தாமஸ் பிட்டை அவ்வாறு விளக்க இயலாது. அவர் 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். பதவியிலிருந்தபோதே சொந்த வணிகமும் நடத்திய அவர், ஜம்சந்த் என்னும் வணிகரிடமிருந்து 48,000 வராகனுக்கு, அதாவது ஏறத்தாழ 20,400 பவுனுக்கு, ஒரு பெரும் வைரத்தை வாங்கினார். வெட்டித் தீட்டப்பட்ட அவ்வைரம் 1717இல் பிரான்சின் அரசப் பிரதிநிதியான ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 1,35,000 பவுனுக்கு விற்கப்பட்டது. அவ்வாண்டே பிட் கார்ன்வாலில் பொக்கொனொக் நிலவுடைமையை வாங்கினார். ஈராண்டு கழித்துச் சுவாலோஃபீல்டையும் வாங்கினார். 1726இல் இம்மாளிகையிலேயே அவர் காலமானார். அவருடைய பேரன் வில்லியம் பிட், 1735இல் குடும்பத்தின் பிடியிலிருந்த ஓல்ட் சாரம் தொகுதிவழி நாடாளுமன்றத்தில் நுழைந்து, பின்னர்ப் பிரதமரானார். வணிகச் செல்வம் நிலமாகவும், நிலமும் தொகுதியும் அரசியல் அதிகாரமாகவும் உருமாறியதை இக்குடும்பத்தில் தெளிவாகக் காணலாம்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் இத்தொடர்பு தொடர்ந்தது. 1820இல் மாளிகையை வாங்கிய ரஸ்ஸல் குடும்பத்தின் தலைவர் சர் ஹென்றி ரஸ்ஸல், கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அதே பெயருடைய அவருடைய மகன் 1811 முதல் 1820 வரை ஐதராபாத்தில் ரெசிடெண்டாக இருந்தவர். இக்குடும்பத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் ரஸ்ஸல் சீமாட்டி 1901இல் வெளியிட்ட வரலாற்று நூலின் தலைப்பே ‘சுவாலோஃபீல்டும் அதன் உரிமையாளர்களும்’ என்பதாகும். மாளிகையின் வரலாறு உரிமையாளர்களின் வரலாறே என்னும் கருத்து அத்தலைப்பிலேயே வெளிப்படுகிறது.

உரிமையாளர்களின் பட்டியலோடு அவர்தம் செல்வத்தின் தோற்றுவாயையும் இணைத்து ஆராயும்போதே இத்தகைய மாளிகைகளின் வரலாறு முழுமை பெறும். அவ்வகையில் சுவாலோஃபீல்ட், பெர்க்‌ஷயரின் வட்டார வரலாற்றுக்கு மட்டுமன்றி, கம்பெனிக்காலச் சென்னையின் வணிக வரலாற்றுக்கும் உரிய சான்றாகிறது.