கடைக்குப் போகுமுன் மதர்போர்டை அறிந்துகொள்வோம்

வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது, ராம் கூட்டிப் போடலாம் என்று முடிவெடுக்கிறோம். வெள்ளானூரிலிருந்து ஆவடி போய், ரயிலில் சென்ட்ரல் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட் சேர்ந்தால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன போர்டு?" அதற்குப் பதில் தெரியாமல் நாமும் ஒருமுறை டிடிஆர்4 ராமை வாங்கி வந்தோம். வீட்டில் இருந்ததோ டிடிஆர்3 போர்டு. இரண்டிலும் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் அது உள்ளே இறங்கவே இல்லை. மறுபடி ஒரு நாள் அலைச்சல்.

பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் வந்து சேரும் பலகைதான் மதர்போர்டு. எதைப் பொருத்தலாம், எதைப் பொருத்த முடியாது என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது.

கம்ப்யூட்டர் ஓடும் நிலையில் இருந்தால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். விண்டோஸ் பட்டனுடன் ஆர் எழுத்தை அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் வரும் பட்டியலில் 'பேஸ்போர்டு' என்று தொடங்கும் வரிகளில் கம்பெனியும் மாடலும் இருக்கும். லினக்ஸ் என்றால் டிஎம்ஐடிகோட் கட்டளை.

ஓடவில்லை என்றால் கரண்ட் ஒயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். மாடல் பெயர் பெரும்பாலும் பிராசசருக்கும் கார்டு ஸ்லாட்டுகளுக்கும் இடையில் பெரிய எழுத்தில் இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். '94வி-0' என்று அச்சிட்டிருப்பதை மாடல் என்று நினைத்து இணையத்தில் தேடுகிறார்கள். அது பலகை எளிதில் தீப்பற்றாது என்பதற்கான தரக்குறியீடு. எத்தனையோ கம்பெனிகளின் போர்டுகளில் அது இருக்கும்.

'எச்61' என்று மட்டும் சொல்வதும் போதாது. அது சிப்செட்டின் பெயர். இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிராசசருக்கானது, டிடிஆர்3 ராம் போடலாம் என்ற அளவுக்கு அதிலிருந்து தெரியும். ஆனால் அதே சிப்செட்டில் பல கம்பெனிகள் பல மாடல்கள் செய்திருக்கின்றன.

பயாஸ் அப்டேட் செய்வதாக இருந்தால் மூலையில் உள்ள 'ரெவ்' எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மாடலில் ரெவிஷன் மாறினால் பயாஸ் ஃபைலும் மாறலாம். தவறானதை ஏற்றினால் நல்ல போர்டும் உயிர்விட்டுவிடும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டதால் பல வீடுகளில் புது கம்ப்யூட்டர் பேச்சு எழுந்திருக்கிறது. நம்முடையது எச்61, எச்81 போர்டு என்றால் விண்டோஸ் 11க்கு முறைப்படி இடமில்லை; பிள்ளைகளின் படிப்புக்கு லினக்ஸ் போட்டு ஓட்டலாம். எச்310 போர்டில் எட்டாம் தலைமுறை பிராசசர் என்றால் அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் வசதி பயாஸில் 'பிடிடி' என்ற பெயரில் அணைந்து கிடக்கலாம். முதலில் அதை ஆன் செய்து பார்ப்போம்.