மறக்கப்படாத மந்திரச் சொல்: கேப்டன் மார்வெலும் அவன் வாசகர்களும்

படக்கதை நாயகர்களுக்குச் சாவில்லை என்று சொல்வதுண்டு. விற்பனை சரிந்தால் சாகிறார்கள். விற்பனை தேவைப்பட்டால் பிழைக்கிறார்கள். இந்த வணிகக் கணக்குக்கு வெளியே, ஒரு வழக்கின் முடிவில் அச்சிலிருந்து அகற்றப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாசகர்களின் நினைவில் மட்டுமே வாழ்ந்த ஒரு நாயகன் அமெரிக்காவில் உண்டு. அவன் பெயர் கேப்டன் மார்வெல். இன்று அந்தப் பெயரைக்கூட அவனால் சொந்தம் கொண்டாட முடியாது. ஒரு பழைய நாயகனை, அவனை நேசித்தவர்களே மீட்டெடுக்க முனையும்போது அவனுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விக்கு இவனுடைய வரலாற்றைவிடத் தெளிவான விடை வேறெங்கும் இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

1938இல் சூப்பர்மேன் அடைந்த வெற்றி பல பதிப்பகங்களை இத்துறைக்குள் இழுத்துவந்தது. அவற்றுள் ஒன்று ஃபாசெட். எழுத்தாளர் பில் பார்க்கரும் ஓவியர் சி. சி. பெக்கும் உருவாக்கிய கேப்டன் மார்வெல், 1940 பிப்ரவரி தேதியிட்ட ‘விஸ் காமிக்ஸ்’ இதழில் அறிமுகமானான். பில்லி பேட்சன் என்ற அனாதைச் சிறுவன், செய்தித்தாள் விற்பவன், கைவிடப்பட்ட சுரங்க ரயில் பாதை வழியாகச் சென்று ஒரு கிழ மந்திரவாதியைச் சந்திக்கிறான். ‘ஷாஸாம்’ என்ற சொல்லை உச்சரித்ததும் இடி இறங்குகிறது. சிறுவன் நின்ற இடத்தில் செவ்வுடை அணிந்த பெருவீரன் நிற்கிறான். சாலமோனின் அறிவு, ஹெர்குலிஸின் வலிமை, அட்லஸின் தாங்குதிறன், சீயஸின் ஆற்றல், அக்கிலீஸின் துணிவு, மெர்க்குரியின் வேகம் ஆகிய ஆறும் அந்தச் சொல்லின் ஆறு ஆங்கில எழுத்துகளுக்குள் அடக்கம். சூப்பர்மேன் வேற்றுக் கிரகத்தில் பிறந்தவன். அவனைப் போல ஆக விரும்பும் சிறுவனுக்கு வழியில்லை. பில்லிக்கோ ஒரு சொல் போதும். எந்தச் சிறுவனும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கலாம். அவனுடைய வெற்றியின் ரகசியம் இவ்வளவுதான்.

அது சாதாரண வெற்றியன்று. 1944ஆம் ஆண்டில் மட்டும் ‘கேப்டன் மார்வெல் அட்வென்சர்ஸ்’ இதழ் 1 கோடியே 40 லட்சம் பிரதிகள் விற்றது. அந்தக் காலகட்டத்தில் சூப்பர்மேனையே முந்தியது. பெக்கின் கோடுகள் சுத்தமானவை, சிக்கனமானவை. கதைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை எழுதியவர் ஓட்டோ பைண்டர். பேசும் புலி ஒன்று கோட்டும் சூட்டும் அணிந்து நகர வாழ்க்கைக்குப் பழகப் பாடுபடும். உலகையே அச்சுறுத்தும் தீயோர் கூட்டத்தின் தலைவன் கடைசியில் கண்ணாடி போட்ட ஒரு சிறு புழு என்று தெரியவரும். இந்த வேடிக்கைக்கு நடுவே ஒரு மென்மை இருந்தது. வளர்ந்த வாசகர்கள் பிற்காலத்தில் திரும்பத் திரும்பத் தேடியது அதைத்தான்.

இந்த வாசகர்களின் கை தொடக்கத்திலேயே கதைக்குள் நீண்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். பில்லியின் வேலைக்காரனாக வந்த ஸ்டீம்போட் என்ற கறுப்பினப் பாத்திரம், அக்கால இன இழிவுச் சித்திரிப்பின் அப்பட்டமான வடிவம். நியூயார்க் பள்ளி மாணவர்களின் குழு ஒன்று ஃபாசெட் அலுவலகத்துக்கே சென்று ஆட்சேபம் தெரிவித்தது. 1945இல் ஸ்டீம்போட் கதைகளிலிருந்து நீக்கப்பட்டான். தம் நாயகனை முதன்முதலில் திருத்தியவர்கள் சிறுவர்களே.

சூப்பர்மேனின் பதிப்பாளரான நேஷனல் நிறுவனம், கேப்டன் மார்வெல் தன் நாயகனின் நகல் என்று 1941இல் வழக்குத் தொடுத்திருந்தது. 1948இல்தான் விசாரணை நடந்தது. தீர்ப்பு நுட்பக் காரணங்களால் ஃபாசெட்டுக்குச் சாதகமாக அமைந்தாலும், 1951இல் மேல்முறையீட்டில் நீதிபதி லேர்னெட் ஹேண்ட் அதை மாற்றி வழக்கைத் திருப்பியனுப்பினார். போருக்குப் பின் விற்பனை தேய்ந்துகொண்டிருந்தது. மேற்கொண்டு போராட ஃபாசெட்டுக்கு மனமில்லை. 4 லட்சம் டாலர் கொடுத்து, இந்தப் பாத்திரங்களை இனி வெளியிடுவதில்லை என்று 1953இல் உடன்பட்டது. 1954 ஜனவரி தேதியிட்ட ‘மார்வெல் ஃபேமிலி’ இறுதி இதழின் அட்டையில், நாயகர்கள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் வெற்று உருவக் கோடுகள் மட்டுமே இருந்தன. பைண்டர் பிழைப்புக்காக நேஷனலில் சூப்பர்மேன் கதைகள் எழுதினார். 1959இல் சூப்பர்கேர்ள் பிறந்தது அவர் எழுதிய கதையில்தான். தோற்றவனின் கற்பனை வென்றவனின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

நியாயமாக இந்த வரலாறு இங்கே முடிந்திருக்க வேண்டும். பழைய இதழ்கள் குப்பைக்குப் போகும் காலம் அது. ஆனால் 1960 செப்டம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு டிக் லூபாஃப், பாட் லூபாஃப் தம்பதியர் கேப்டன் மார்வெலாகவும் மேரி மார்வெலாகவும் வேடமிட்டு வந்தனர். கூடவே ‘ஸீரோ’ என்ற தம்முடைய உருட்டச்சு ரசிகர் இதழையும் கொண்டுவந்தனர். அதன் முதல் இதழிலேயே கேப்டன் மார்வெலைப் பற்றி டிக் லூபாஃப் விரிவாக எழுதியிருந்தார். பத்து சென்ட் படக்கதைகளைப் பற்றிய கட்டுரைத் தொடராக அது வளர்ந்தது; 1970இல் நூலாகவும் வந்தது. 1963இல் ‘ஸீரோ’ ஹ்யூகோ விருது பெற்றது. 1961 மார்ச்சில் டெட்ராய்ட் பேராசிரியர் ஜெர்ரி பெய்ல்ஸ், மிஸௌரி மாநிலத்தைச் சேர்ந்த ராய் தாமஸின் துணையுடன் ‘ஆல்டர் ஈகோ’வைத் தொடங்கினார். 1964இல் அதன் 7ஆம் இதழில் மார்வெல் குடும்பத்தைப் பற்றி ராய் தாமஸ் நீண்ட கட்டுரை எழுதினார்.

இவர்கள் செய்தது என்ன? அக்காலப் படக்கதைகளில் பெரும்பாலும் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ இராது. இவர்கள் கடிதம் எழுதி விசாரித்தனர், பட்டியலிட்டனர், யாருடைய கோடு, யாருடைய வசனம் என்று அடையாளம் கண்டனர். பதிப்பகத்தின் பண்டமாக இருந்ததை மனிதர்களின் படைப்பாக மாற்றினர். ஒரு நாயகனை மீட்பதன் முதல் படி அவனுக்கு வரலாறு எழுதுவதே என்று அவர்கள் அறிந்திருந்தனர். புதிய கதை எழுதும் உரிமை அவர்களுக்கு இல்லை. நினைவுகூரும் உரிமையை யாரும் பறிக்க முடியவில்லை.

இதற்குள் பெயர் பறிபோயிற்று. பயன்படுத்தப்படாமல் கிடந்த ‘கேப்டன் மார்வெல்’ என்ற பெயரை 1967இல் மார்வெல் நிறுவனம் தன் புதிய விண்வெளி வீரன் ஒருவனுக்குச் சூட்டிக்கொண்டது. விந்தை என்னவென்றால், அந்நிறுவனத்தில் எழுத்தாளராகியிருந்த ராய் தாமஸ் 1969இல் ஓவியர் கில் கேனுடன் சேர்ந்து அந்த வீரனைத் திருத்தியமைத்தார். ரிக் ஜோன்ஸ் என்ற இளைஞன் தன் கைக்காப்புகளை மோதினால் அவன் மறைந்து வீரன் தோன்றுவான். பில்லி பேட்சன் வேறொருவன் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டான்!

முறையான மறுபிறப்பு 1973இல் நிகழ்ந்தது. அவனைக் கொன்ற நேஷனல் நிறுவனமே (இன்றைய டிசி) ஃபாசெட்டிடம் உரிமம் பெற்று அவனை வெளியிட்டது. முதல் இதழின் அட்டையில் திரையை விலக்கிக் கேப்டன் மார்வெலை அறிமுகம் செய்பவன் சூப்பர்மேன். இதைவிடக் கசப்பான நகைச்சுவையை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. பெயர் வேறொருவர் கையில் இருந்ததால் இதழுக்கு ‘ஷாஸாம்!’ என்றே தலைப்பிட வேண்டியிருந்தது. தொகுப்பாசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் 1930களில் தாமே ரசிகர் இதழ் நடத்தியவர். வரைந்தவர் அதே பெக். இருபது ஆண்டு இடைவெளிக்குக் கதைக்குள் ஒரு சமாதானமும் சொல்லப்பட்டது: நாயகனும் குடும்பத்தாரும் காலம் உறைந்த நிலையில் விண்வெளியில் சிறைப்பட்டிருந்தார்களாம்.

ரசிகர்கள் கேட்டது அனைத்தும் கிடைத்தது. ஆயினும் அந்த இதழ் 35 எண்களோடு 1978இல் நின்றது. பெக்கோ பத்து இதழ்களுடன் விலகிவிட்டார். கதைகள் அசட்டுத்தனமாக இருக்கின்றன என்பது அவர் மனக்குறை. பழைய கதைகளில் வேடிக்கை இருந்தது. ஆனால் அவை தம்மை வேடிக்கையாகக் கருதிக்கொள்ளவில்லை. பில்லிக்கு நேர்வது பில்லிக்கு மெய்யானது. புதிய கதைகள் பழமையைப் பார்த்துக் கண்சிமிட்டின. உருவம் அப்படியே திரும்பியிருந்தது; நம்பிக்கை திரும்பவில்லை. நினைவுக்கு விசுவாசமாக இருப்பதும் படைப்புக்கு விசுவாசமாக இருப்பதும் வேறு வேறு என்பதை இந்தத் தோல்வி காட்டிக்கொடுத்தது.

நேர் எதிரான பாதை ஒன்று இங்கிலாந்தில் திறந்தது. ஃபாசெட்டின் கதைகளை அங்கே மறுபதிப்பு செய்துவந்த எல். மில்லர் நிறுவனம், 1954இல் சரக்கு நின்றுபோகவே மிக் ஆங்லோவைக் கொண்டு ‘மார்வெல்மேன்’ என்ற நகலை உருவாக்கியது. இதழின் எண்ணைக்கூட மாற்றவில்லை. 24 வரை கேப்டன் மார்வெல், 25 முதல் மார்வெல்மேன். மந்திரச் சொல் ‘கிமோட்டா’. ‘அணு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஏறக்குறைய திருப்பிப் போட்டது. 1963இல் அதுவும் நின்றது. சிறுவயதில் அதைப் படித்த ஆலன் மூர், 1982இல் ‘வாரியர்’ இதழில் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார். நடுவயதைத் தொட்ட மைக் மோரன், தலைவலியோடும் தெளிவற்ற கனவுகளோடும் வாழும் செய்தியாளன்; தன் மந்திரச் சொல்லையே மறந்துவிட்டவன். கண்ணாடிக் கதவில் தலைகீழாகத் தெரியும் எழுத்துகள் அதை நினைவூட்டுகின்றன. பழைய குழந்தைக் கதைகளெல்லாம் ஓர் இராணுவ ஆய்வுக்கூடம் அவன் மூளைக்குள் செலுத்திய கனவுகள் என்று பின்னர் தெரிகிறது. அவனுடைய பழைய தோழச் சிறுவன் வீர உருவிலிருந்து திரும்பவே மறுத்து, இறுதியில் லண்டனையே சுடுகாடாக்குகிறான்.

இதுவும் ஒரு ரசிகனின் மீட்புதான். குழந்தைப் பருவத்தில் நம்பியதை வளர்ந்தவன் திரும்பிப் பார்த்து, ‘இது மெய்யாக இருந்திருந்தால்?’ என்று கேட்கிறான். அந்தக் கேள்வி ஒருமுறை கேட்கப்படும்போது இலக்கியமாகிறது; எல்லோரும் கேட்கத் தொடங்கினால் சடங்காகிறது. அடுத்த பத்தாண்டுகளில் இருண்ட முகமும் இரத்தக்கறையும் நாயகர்களின் சீருடையாயின. மூரே பிற்காலப் பேட்டிகளில் இதைப் பற்றி வருத்தத்துடன் பேசியிருக்கிறார். 2014இல் மார்வெல் நிறுவனம் அந்தக் கதைகளை மறுபதிப்பு செய்தபோது தம் பெயரைப் போட அவர் இசையவில்லை.

இரு முனைகளுக்கும் நடுவே பலர் முயன்றனர். 1994இல் ஜெர்ரி ஆர்ட்வே பில்லியை ‘ஃபாசெட்’ என்றே பெயரிட்ட ஒரு நகரத்தில் குடியமர்த்தினார். 1940களின் கட்டடங்களும் நிறங்களும் அங்கே இயல்பாக நின்றன. 2007இல் ‘போன்’ புகழ் ஜெஃப் ஸ்மித், பில்லியை மிகச் சிறிய பையனாகவும் அவன் தங்கை மேரியை அதனினும் சின்னஞ்சிறியவளாகவும் வரைந்து, கதையைக் குழந்தைகளிடமே திருப்பித் தந்தார். 2012இல் ஜெஃப் ஜான்ஸ் பெயர்ச் சிக்கலுக்கு முடிவுகட்டி நாயகனையே ‘ஷாஸாம்’ ஆக்கினார்; பில்லி வளர்ப்பு வீடுகளில் அலைக்கழிந்த சிடுமூஞ்சியானான், தன் ஆற்றலை வளர்ப்பு உடன்பிறப்புகளோடு பகிர்ந்துகொண்டான். பழைய ரசிகர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. 2019இன் ஷாஸாம் திரைப்படம் எழுந்தது இந்த வடிவத்தின்மீதுதான். அதற்கு ஒரு மாதம் முன்பாக, அதே 2019இல், மார்வெல் நிறுவனத்தின் ‘கேப்டன் மார்வெல்’ திரைக்கு வந்திருந்தாள். ஒரு பெயரின் இரு வாரிசுகள் அடுத்தடுத்த மாதங்களில் ஒரே அரங்குகளில்!

பைண்டரும் பெக்கும் சேர்ந்து உருவாக்கிய புழுவரக்கன் தொடர்கதையை முழுமையாக நூலாக்கும் திட்டத்தை 2018இல் டிசி கைவிட்டதையும் இங்கே நினைக்க வேண்டும். அதில் மண்டிக்கிடக்கும் இன இழிவுச் சித்திரங்களே காரணம். பழையதை அப்படியே தா என்று கேட்கும் ரசிகன், 1945இல் அந்த அலுவலகப் படியேறிய மாணவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசியாக வேண்டும். முழுமையான மீட்பு என்று ஒன்று கிடையாது. வரலாற்றாய்வாளனுக்கு அந்தப் பக்கங்கள் முழுதாகவே வேண்டும். நாயகனுக்கு அவை வேண்டாம். இவ்விரு தேவைகளையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் ரசிகர்களின் அன்பு காவலாளியின் பிடிவாதமாகிறது.

ஆறு எழுத்துகளின் ஆற்றல்கள், செவ்வுடை, பேசும் புலி, பெயர்கூட, எல்லாம் மாறலாம் என்பதையே இவ்வரலாறு நமக்குச் சொல்கிறது. உதவியற்ற ஒரு குழந்தை, யாரும் பறிக்க முடியாத ஒரு சொல்லைத் தன்னிடம் வைத்திருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் மாறினால் அவன் வேறொருவனாகிவிடுகிறான். மூரின் மோரனும் அந்தச் சொல்லை மறந்ததால்தான் துயருற்றான். பத்து சென்ட் கொடுத்து இதழ் வாங்கிய சிறுவர்களில் சிலர், உருட்டச்சு மை கையில் ஒட்ட அந்தச் சொல்லைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பிறகு வந்தவர்கள் அதைப் பலவாறு உச்சரித்தார்கள். சிலர் உச்சரித்தபோதுதான் இடி இறங்கியது.