ஊசி முனைக்கு வந்த பார்வை

1891-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீல் நகரில் பணியாற்றிய ஹைன்ரிக் குவின்கே என்ற மருத்துவர், இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கிடையே ஊசியைச் செலுத்தித் தண்டுவட நீரை எடுக்கும் முறையை வெளியிட்டார். அறுவையின்றி உடலின் உட்பகுதியை எட்டும் அரிய வழி அது. ஆனால் தோல், கொழுப்பு, தசைநார் ஆகியவற்றைக் கடந்து செல்லும் ஊசியின் முனை எங்கே நிற்கிறது? கையுணர்வைத் தவிர மருத்துவருக்கு வேறு துணையில்லை.

இதற்கு ஒரு துணை பின்னர் மின்னியலிலிருந்து வந்தது. டென்மார்க்கில் பிறந்த ஹியூகோ ஃபிரிக்கே, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நாயின் இரத்தத்தினூடே மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி ஆராய்ந்தார். சிவப்பணுவின் சவ்வு ஒரு நுண்ணிய மின்தேக்கியைப் போல் இயங்குவது தெரிந்தது. அதிர்வெண் குறைவாயின் மின்னோட்டம் அணுக்களைச் சுற்றிச் செல்லும். மிக அதிகமாயின் சவ்வைக் கடந்து உள்ளேயும் பாயும். இந்த அளவீட்டிலிருந்தே சவ்வின் தடிப்பு 3.3 நானோமீட்டர் என்று 1925-இல் அவர் கணித்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கி செல் சவ்வைக் காட்டுவதற்கு வெகு முன்னரே செய்த கணிப்பு இது! அடுத்த ஆண்டே ஃபிரிக்கேயும் மோர்ஸ் என்பவரும் மார்பகக் கட்டிகளின் மின்தேக்கு திறனை அளந்து, புற்றுக்கட்டிகள் வேறுபட்டு நிற்பதை எடுத்துக் காட்டினர்.

திசுவுக்குத் திசு இந்த வேறுபாடு ஏன்? செல்களின் அமைப்பும் அவற்றைச் சூழ்ந்த உப்புநீரின் அளவும் மாறுபடுவதே காரணம். கொழுப்பு மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். செல்கள் அதிகமில்லாத தண்டுவட நீரோ நன்கு கடத்தும். உடல் வெப்பநிலையில் அதன் கடத்துதிறன் மீட்டருக்குச் சுமார் 1.8 சீமன்ஸ். இரத்தத்தின் கடத்துதிறன் இதில் பாதிகூட இல்லை.

இந்த வேறுபாட்டைக் கொண்டு, குவின்கேயின் ஊசிக்கே 2010-களில் பின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு வழிகாட்டியை அமைத்தனர். ஊசியின் முனையே மின்வாயாகி, செல்லும் வழியெங்கும் அளந்துகொண்டே போகிறது. தண்டுவட நீரை எட்டியதும் கருவி ஒலியெழுப்புகிறது. இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடமும் இதைச் சோதித்தனர். இக்குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் பலமுறை போட நேரிடும். ஊசி இரத்தக்குழாயில் பட்டால், இரத்தத்திலுள்ள புற்றணுக்கள் தண்டுவட நீரில் கலக்கும் அபாயம் உண்டு. ஆகவே முதல் குத்திலேயே இடத்தை அடைவது இங்கே மிக முக்கியம்.

எனினும், ஆளுக்கு ஆள் இந்த அளவுகள் சற்றே மாறுபடும். கருவி தருவது சான்று, முடிவெடுப்பது மருத்துவரே. ஒரு துளி இரத்தத்தில் தொடங்கிய அளவீடு, கண் எட்டாத இடத்தில் அவர் கைக்குத் துணை நிற்கிறது.