கணவாயும் சிவப்புப் பெட்டியும்

கம்பஸ் லாபிலோ ஏதாவது அலுவலகத்திலோ இருந்து இணையம் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைப் பக்கம் நல்ல பழக்கம். பெரிய எழுத்தில் 'எரர்' என்று போட்டு, நீங்கள் கேட்ட முகவரியை எடுக்க முடியவில்லை என்று சொல்லும். அடியில் சின்ன எழுத்தில் நேரம், சேர்வரின் பெயர், அதோடு 'ஸ்குவிட்' என்ற சொல்லும் ஒரு பதிப்பு எண்ணும் இருக்கும். அந்தக் கடைசி வரியை அனேகமாக ஒருத்தரும் வாசிப்பதில்லை. ஃபேஸ்புக்கைப் பூட்டி வைத்த ஆளைத் திட்டிவிட்டு எழும்பிப் போய்விடுவோம். இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வரியைப் பற்றியது.

ஸ்குவிட் என்றால் கணவாய். நாங்கள் கறி வைக்கிற அதே கணவாய்தான். அது ஒரு கேஷிங் மென்பொருள். ஊரில் உள்ள எல்லா வீட்டுக்காரரும் ஒவ்வொரு கிலோ சீனிக்கும் கொழும்புக்குப் போய்வர முடியாது; சந்திக்கடைக்காரன் ஒரு மூட்டையை வாங்கி வைத்தால் காணும். கேஷ் செய்யிறதும் அதுதான். ஒருத்தர் கேட்ட பக்கத்தையோ படத்தையோ தூரத்துச் சேர்வரிலிருந்து ஒருமுறை எடுத்து டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். அடுத்த ஆள் அதையே கேட்டால் பக்கத்திலிருந்தே கொடுத்துவிடும்.

இது ஏன் தேவைப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள நியூசிலாந்தைப் பார்ப்பது நல்லது. எங்களைப்போல அதுவும் தீவு. 1989இல் அந்த நாட்டின் இணையத் தொடர்பு வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் இருந்து ஹவாய்க்குப் போன ஒரு கோடு. அதன் வேகம் செக்கனுக்கு 9600 பிட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு சாதாரணப் படம் அந்தக் கோட்டில் வந்து சேரச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்தக் கோட்டுக்கான செலவை, யார் எவ்வளவு தரவை இழுத்தார்கள் என்று அளந்து பல்கலைக்கழகங்களுக்குள் பிரித்தார்கள். ஒவ்வொரு மெகாபைட்டும் காசு. ஒரே பக்கத்தைப் பத்து மாணவர்கள் பத்துத் தரம் பசிபிக் கடலுக்கு அப்பாலிருந்து இழுப்பது அங்கே நேரடி நட்டம். அதனால் கேஷிங்கை முதலில் விரும்பி ஏற்றுக்கொண்ட நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. பிரித்தானியாவிலும் இதே கதைதான். அங்கே பல்கலைக்கழக வலையமைப்பான ஜானெட், 1998 ஓகஸ்டில் இருந்து அத்திலாந்திக் தாண்டி வரும் தரவுக்கு ஒரு மெகாபைட்டுக்கு 2 பென்ஸ் அறவிடத் தொடங்கியது.

மென்பொருளின் கதை ஜெனீவாவில் தொடங்குகிறது. வெப் பிறந்த சேர்ன் ஆய்வகத்தின் சேர்வர் மென்பொருளுக்கு 1994இல் கேஷ் வசதியுள்ள ப்ரொக்ஸி வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தன்னையே பிரதி எடுத்து ஒரு புது ப்ரொசஸை ஓடவிடுவது அதன் பழக்கம். ஆட்கள் கூடக்கூட மூச்சு வாங்கும். அதே காலத்தில் அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 'ஹார்வெஸ்ட்' என்ற ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. அதன் ஒரு பகுதியான கேஷ், ஒரே ப்ரொசஸுக்குள் நூற்றுக்கணக்கான இணைப்புகளைச் சமாளித்தது. திட்டம் முடிந்தபின் அந்தக் கோட் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை வியாபாரப் பொருளாகி 1997இல் நெட்வேர்க் அப்ளையன்ஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. மற்றதை டுவேன் வெசல்ஸ் என்பவர் எடுத்து, அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அறக்கட்டளையின் பண உதவியோடு, 1996இல் ஸ்குவிட் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டார். ஏன் கணவாய் என்று கேட்டால், நல்ல பெயரெல்லாம் முடிந்துவிட்டது என்பதுதான் அவர்களின் பதில்.

ஸ்குவிட்டை ஒரு சேர்வரில் நிறுவுவது எப்படியிருந்தது என்று கொஞ்சம் விபரமாகச் சொல்ல வேணும். ஏனெண்டால் இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

மூலக்கோட்டை இறக்கி, அந்தச் சேர்வரிலேயே கம்பைல் செய்ய வேண்டும். பிறகு கொன்ஃபிக் கோப்பைத் திறந்தால் அதற்குள் ஆயிரக்கணக்கான வரிகள்; பெரும்பாலானவை விளக்கக் குறிப்புகள். அதில் முக்கியமான ஒரு வரி, கேஷ் எந்த டிஸ்க்கில் இருக்க வேண்டும், எத்தனை மெகாபைட், அதற்குள் எத்தனை ஃபோல்டர் என்று சொல்லும். வழமையான எண்கள் 16, 256. அதாவது 16 ஃபோல்டர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் 256, ஆகமொத்தம் 4096. ஒரே ஃபோல்டருக்குள் லட்சக்கணக்கான கோப்புகளைக் கொட்டினால் அந்தக் காலத்து ஃபைல் சிஸ்டம் தேடித்தேடியே களைத்துவிடும் என்பதால்தான் இந்தப் பங்கீடு. இதை எழுதியபின் ஒரு தனிக் கட்டளை கொடுத்து அந்த 4096 ஃபோல்டர்களையும் உருவாக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் இந்தக் கட்டளையை மறந்துவிட்டு, ஏன் ஸ்குவிட் எழும்பவில்லை என்று தலையைச் சொறிவது வழமை.

அடுத்தது மெமரி. டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்பை ஸ்குவிட் ரமில் வைத்திருக்கும். டிஸ்க் கேஷ் 1 ஜிகாபைட் என்றால் சுமார் 10 மெகாபைட் ரம் என்பது வாய்ப்பாடு. இன்றைக்கு இது சிரிப்பு. தொண்ணூறுகளின் கடைசியில் 256 மெகாபைட் ரம் இருந்தாலே அது பெரிய சேர்வர். மலிவாகக் கிடைக்கிறதென்று 20 ஜிகாபைட் டிஸ்க்கைப் போட்டால், அதன் பட்டியலுக்கே 200 மெகாபைட் போய்விடும். ரம் போதாமல் சிஸ்டம் ஸ்வொப் செய்யத் தொடங்கினால், வேகத்துக்காக வைத்த கேஷே இணையத்தை இன்னும் மெதுவாக்கும். கேஷ் பெரிசானால் நல்லது என்று நினைத்த அட்மின்மார் நிறையப்பேர் இப்படி அனுபவத்தில்தான் படித்தார்கள். இன்னொன்று, ஒரு ப்ரொசஸ் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை. பல சிஸ்டங்களில் அது 1024. அதைக் கூட்டாமல் கம்பைல் செய்திருந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும், எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து குந்தும் வரைக்கும்.

கரண்ட் போவதைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்குவிட்டை முறையாக நிறுத்தினால் தன் பட்டியலை எழுதி வைத்துவிட்டு நிற்கும். திடீரென்று கரண்ட் போனால் அந்த எழுத்து வேலை நடக்காது. திரும்ப எழும்பும்போது எது இருக்கு, எது இல்லை என்று சரிபார்த்துக்கொண்டே பட்டியலைத் திருப்பிக் கட்டும். பெரிய கேஷ் என்றால் அதற்கு நல்ல நேரம் எடுக்கும். யூபிஎஸ் இல்லாத லாபுகளில் அட்மினுடைய காலை நேரம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்குவிட்டின் இன்னொரு யோசனை, அயலவரிடம் கேட்பது. தன்னிடம் இல்லாததை உடனே கடல்கடந்து தேடாமல், பக்கத்துக் கேஷ்களிடம் 'உங்களிட்ட இருக்கா?' என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பும். இருந்தால் அங்கிருந்து வாங்கும். இந்த உரையாடலுக்கான விதிமுறையை வெசல்ஸும் கே.சி. கிளாஃபியும் 1997இல் எழுதி வெளியிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று கேஷைப் பகிர்ந்தன. ஒரு நாட்டின் ஆராய்ச்சி வலையமைப்பே ஒரு கூட்டுச் சேமிப்புப்போல இயங்கியது.

இனி அப்கிரேட். 2000ஆம் ஆண்டோடு அறக்கட்டளைப் பணம் நின்றுவிட, ஸ்குவிட் தொண்டர்களின் கைக்கு வந்தது. அவர்கள் பழைய சி கோட்டை சி++ மொழியில் திருப்பி எழுதத் தொடங்கினார்கள். வருடக்கணக்காக இழுபட்டு, 3.0 பதிப்பு 2007 டிசம்பரில்தான் நிலையானது என்று வெளியானது. இதற்கிடையில் பொறுமையில்லாதவர்கள் பழைய கோட்டிலேயே புதுப்புது வசதிகளைச் சேர்த்தார்கள். அதனால் ஒரு விசித்திரம் நடந்தது: 3.0 வந்து ஐந்து மாதம் கழித்து, 2008 மே மாதம், 2.7 வந்தது. எண்ணில் சின்னது, வசதியில் பெரிசு! யூடியூப்பில் ஒரே வீடியோ ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகவரியில் வரும். அவை எல்லாம் ஒன்றுதான் என்று கேஷுக்குச் சொல்லிக்கொடுக்கும் வசதி 2.7இல் இருந்தது, 3.0இல் இல்லை. குறைந்த இணைப்பை நிறையப்பேருக்குப் பகிர வேண்டிய அட்மின்மாருக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவர்கள் 2.7ஐ விட்டு அசையவில்லை. அந்த வசதி வேறு பெயரில் 3.4 பதிப்பில் திரும்பி வர 2013 முடியப் போய்விட்டது. அப்கிரேட் செய்யாதவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது இலகு. இந்தக் கதையில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்கிரேட் செய்தவர்களுக்கும் இன்னொரு தொல்லை இருந்தது. பெரிய பதிப்பு மாற்றங்களில் பழைய கேஷை அழித்துவிட்டு வெறும் டிஸ்க்கோடு தொடங்குவதுதான் பாதுகாப்பான வழி. புது மென்பொருள் ஓடும், ஆனால் கேஷ் வெறுமை. லொக் கோப்பு முழுக்க 'மிஸ், மிஸ், மிஸ்' என்று ஓடிக்கொண்டிருக்கும். பாவிப்பவர்கள் போன் எடுத்து, 'நேற்று நல்லா இருந்தது, நீங்கள் என்ன செய்தனீங்கள்?' என்று கேட்பார்கள்.

இந்த நேரத்தில் நோர்வேயில் வேறொன்று நடந்தது. வேர்டன்ஸ் காங் என்ற பத்திரிகை தன் இணையத்தளத்துக்கு முன்னால் 12 ஸ்குவிட் சேர்வர்களை வைத்திருந்தது. அவர்கள் பிஎஸ்டி கேர்னல் எழுதுபவரான டென்மார்க்காரர் போல்-ஹென்னிங் காம்பைக் கொண்டு புதிதாக ஒரு மென்பொருள் செய்வித்தார்கள். 2006இல் வெளியான அதன் பெயர் வார்னிஷ். 12 சேர்வர் செய்த வேலைக்கு 3 போதும் என்றாயிற்று. காம்பின் வாதம் சுவையானது. எது ரமில், எது டிஸ்க்கில் என்று ஸ்குவிட் தானே முடிவெடுக்கிறது; அதே முடிவை ஒப்பரேட்டிங் சிஸ்டமும் எடுக்கிறது; இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. இது 1975ஆம் ஆண்டு ப்ரோகிராமிங் என்று ஒரே போடாகப் போட்டார். வார்னிஷில் அந்தப் பொறுப்பைக் கேர்னலிடமே விட்டுவிட்டார். விதிகளை மாற்றும்போதும் சேர்வரை நிறுத்தத் தேவையில்லை. புது விதிகள் கம்பைல் ஆகி, ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொசஸுக்குள்ளேயே ஏறும். விக்கிப்பீடியாவும் ஸ்குவிட்டிலிருந்து வார்னிஷுக்கு மாறி, பின்னர் கேஷின் ஒரு பகுதியை அப்பாச்சியின் ட்ராஃபிக் சேர்வருக்கு மாற்றியது.

ஆனால் ஸ்குவிட்டின் பழைய உலகத்தைக் குலைத்தது வார்னிஷ் இல்லை, எச்டிடிபிஎஸ். 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களுக்குப் பிறகு, இணையத்தளங்கள் வேகமாகக் குறியாக்கத்துக்கு மாறின. குறியாக்கம் என்றால் நடுவில் இருக்கும் ஒருவருக்கும் உள்ளே என்ன போகிறது என்று தெரியாது. கம்பஸ் ப்ரொக்ஸியும் நடுவில் இருக்கும் ஒரு ஆள்தான். பார்க்க முடியாததைச் சேமிக்க முடியாது. நேர்மையாகச் சொன்னால் இதில் எங்களுக்கு லாபமும் உண்டு. யார் எந்தப் பக்கத்துக்குப் போனார்கள் என்று வரிக்கு வரி பதிந்த அதே ஸ்குவிட், பூட்டுப் போடவும் கண்காணிக்கவும் பயன்பட்ட கருவியும் தான். அந்த லொக் கோப்பை யார் வாசித்தார்கள் என்று எங்களிடம் ஒருத்தரும் சொன்னதில்லை.

கேஷ் அதோடு ஒழிந்து போகவில்லை, கை மாறியது. 2012இல் நெட்ஃபிளிக்ஸ் 'ஓப்பன் கனெக்ட்' என்ற திட்டத்தை அறிவித்தது. தான் தயாரித்த சிவப்பு நிறச் சேர்வர் பெட்டிகளை, நிறையத் தரவு இழுக்கும் இணைய நிறுவனங்களுக்குச் சும்மா கொடுத்தது. இடமும் கரண்டும் இணைப்பும் அவர்கள் தர வேண்டும். உள்ளே ஓடும் மென்பொருள் முழுக்க நெட்ஃபிளிக்ஸின் பொறுப்பு. உள்ளே ஃப்ரீபிஎஸ்டியும் என்ஜின்எக்ஸும் ஓடுகின்றன. நாளைக்கு எந்தப் படத்தை ஆட்கள் பார்ப்பார்கள் என்று கணித்து, சனம் நித்திரையாக இருக்கும் நேரத்தில் பெட்டியை நிரப்பி வைக்கிறார்கள். அப்கிரேட்டும் தூரத்திலிருந்தே நடக்கும். 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் 130 நாடுகளுக்குள் வந்தபோது இலங்கையும் அதில் ஒன்று.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது அபாரம். 2017இல் அப்படியொரு தனிப் பெட்டி செக்கனுக்கு 100 ஜிகாபிட் அனுப்பியது. 1989இன் நியூசிலாந்துக் கோட்டைவிட ஒரு கோடி மடங்கு. ஆனால் ஸ்குவிட் ஓடிய சேர்வரில் எதைச் சேமிப்பது, எதை விடுவது என்று உள்ளூர் அட்மின் தீர்மானித்தார். ஒரு மாணவர் எழுதிய தமிழ் வலைப்பக்கமும் ஹொலிவூட் ட்ரெய்லரும் அந்த டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இரண்டு பேர் கேட்டால் போதும். சிவப்புப் பெட்டிக்குள் நெட்ஃபிளிக்ஸ் மட்டும்தான் இருக்கும். எங்கட ஊர்க்காரர் தொடங்கும் ஒரு சின்ன வீடியோத் தளத்துக்கு அப்படி வைக்கப் பெட்டி இல்லை. காசு கொடுத்து வேறு கேஷ் நிறுவனத்திடம்தான் போக வேண்டும்.

அந்த நிறுவனங்களுக்கும் அப்கிரேட் தலையிடி உண்டு. வார்னிஷை அடிப்படையாகக் கொண்டு வளர்ந்த ஃபாஸ்ட்லி, 2021 மே 12இல் ஒரு புது மென்பொருளைத் தன் சேர்வர்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அதற்குள் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கிட்டத்தட்ட நான்கு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. யூன் 8இல் ஒரு வாடிக்கையாளர் தன் கொன்ஃபிக்கில் முறையான ஒரு மாற்றம் செய்தார், பிழை முழித்துக்கொண்டது. வலையமைப்பின் 85 வீதம் எரர் காட்டியது. கார்டியன், நியூயோர்க் டைம்ஸ், பிரித்தானிய அரசின் தளம் எல்லாம் ஒன்றாக விழுந்தன. 49 நிமிடத்தில் பெரும்பகுதியைத் திருப்பி எழுப்பினார்கள். ஒரு கம்பஸ் அட்மின் பிழை விட்டால் ஒரு கம்பஸ்தான் விழும்.

கணவாய் இன்னும் உயிரோடுதான் இருக்கு. 2023 ஒக்டோபரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்குவிட்டில் தான் கண்டுபிடித்த 55 ஓட்டைகளைப் பற்றிப் பகிரங்கமாக எழுதினார். அவர் அவற்றைக் கண்டுபிடித்தது 2021இல். எழுதும்போது 35 இன்னும் அடைபடாமல் கிடந்தன. அதைப் பராமரிப்பது ஒரு சிறிய தொண்டர் குழு. ஆள் பலம் காணாது. பலது பின்னர் வந்த பதிப்புகளில் அடைக்கப்பட்டன. ஆனால் அந்தப் பதிப்பை யாராவது சேர்வரில் ஏற்றினால்தானே.

அடுத்த முறை அந்த வெள்ளைப் பக்கம் வந்தால் கடைசி வரியைப் பாருங்கள். சில அட்மின்மார் பாதுகாப்புக்காகப் பதிப்பு எண்ணை மறைத்து வைத்திருப்பார்கள். மறைக்காமல் இருந்து, எண் 2 என்றோ 3 என்றோ தொடங்கினால், லாபில் இருக்கிற அண்ணாவிடமோ அக்காவிடமோ பதமாகப் போய்ச் சொல்லுங்கோ.