அன்னாசியின் வேருக்கு வந்த சூடு

ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளில் அன்னாசி விளைந்த வரலாற்றைப் பிரபுக்களின் ஆடம்பரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பணமில்லாமல் அது நடந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் பணத்தால் மட்டும் அது நடந்துவிடவில்லை. 1493இல் கொலம்பஸ் குவாதலூப் தீவில் கண்ட பழம், ஹாலந்தில் ஆக்னெட்டா பிளாக்கின் தோட்டத்தில் விளைந்தது 1687இல்தான். தடை வேரில் இருந்தது. ஆரஞ்சு மரம் குளிர்காலத்தைத் தாண்ட, அறையில் அடுப்பு மூட்டினால் போதும். அன்னாசிக்கோ, நட்டுப் பழுக்கும்வரை இரண்டு மூன்று ஆண்டுகள் அடிமண்ணும் வெதுவெதுப்பாக இருந்தாக வேண்டும். அடுப்பின் அனல் இலைக்குப் போனது. தொட்டி மண் குளிர்ந்தே கிடந்தது.

அந்தச் சூட்டைத் தந்தது தோல் பதனிட்டு மிஞ்சிய பட்டைத்தூள். நம் ஊரில் ஆவாரம்பட்டை போல அங்கே ஓக் பட்டை. டச்சுத் தோட்டங்களில் தேர்ந்த இந்த முறையை, லண்டனை அடுத்த ரிச்மண்டில் மேத்யூ டெக்கரின் தோட்டக்காரர் ஹென்றி டெலெண்ட் கையாண்டார். செங்கல் கட்டிய குழி. அடியில் கூழாங்கல், அதன்மேல் குதிரைச் சாணம், மேலே பட்டைத்தூள். அதற்குள் தொட்டிகளைப் புதைத்தார்கள். சாணம் முதலில் வேரைப் பொசுக்கும் அளவுக்குக் கொதித்துச் சீக்கிரம் ஆறிவிடும். பட்டையோ மெல்லப் புளித்து, 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இரண்டு மூன்று மாதம் ஒரே சீராகச் சூடு தரும். கிளறிவிட்டால் மேலும் இரண்டு மாதம். உள்ளே செருகிய குச்சியை உருவி, கையில் பிடித்துப் பார்த்தே தோட்டக்காரர்கள் சூட்டைக் கணித்தார்கள். 1720இல் நெட்ஷர் தீட்டிய ஓவியம் டெக்கரின் அன்னாசியைக் கொண்டாடுகிறது. என் கணக்கில் அந்தப் பெருமையில் பெரும்பங்கு டெலெண்டுக்கு உரியது.

கார்ன்வாலின் ஹெலிகன் தோட்டத்தில் வெறும் குதிரைச் சாணத்திலேயே அன்னாசி காய்க்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே சாணம் வேரைத் தொடுவதில்லை. பக்கத்துப் பள்ளங்களில் அதைக் கொட்டி, சுவர் வழியாகச் சூட்டை உள்ளே விடுகிறார்கள். ஆற ஆற வண்டி வண்டியாகப் புதுச்சாணம் போட வேண்டும். பட்டை மிச்சப்படுத்தியது இந்த ஓயாத உழைப்பைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெந்நீர்க் குழாய்கள் வந்து பட்டைக் குழிகளின் இடத்தைப் பிடித்தன. பிறகு நீராவிக் கப்பல்கள் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து மலிவாகப் பழம் கொண்டுவர, குழாய்களுக்கும் வேலை குறைந்தது.